இருபது ஸீட்... ஏழு பேர்... ஒரு நிலா!

லோர்வில் நகரத்துக்குப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அங்கே காற்று சரியில்லை. இரண்டு, ஊர் முழுக்க ஒரே முதலாளி. ஹர்ஸ்டன் டைனமிக்ஸ் என்ற ஆயுதக் கம்பெனி, ஊரை மட்டுமில்லாமல் ஊர் உட்கார்ந்திருக்கும் கிரகத்தையே விலைக்கு வாங்கி, தன் குடும்பப் பெயரையே அதற்கு வைத்துவிட்டது. (ஒரு பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் வைப்பதற்கே நம் பக்கம் மூன்று கட்சி சண்டை போடும்.) மூன்று, எந்த டிராவல் ஏஜெண்டிடம் கேட்டாலும் டிக்கெட் கிடைக்காது. காரணம், லோர்வில் இருப்பது 'ஸ்டார் சிட்டிஸன்' என்கிற ஆன்லைன் விண்வெளி ஆட்டத்துக்குள்.

"ப்பூ... கம்ப்யூட்டர் கேமா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சார். உங்கள் ஆபீஸில், உங்கள் பக்கத்து நாற்காலியில், காலையில் கண் சிவந்து கொட்டாவி விடுகிறானே ஒரு பையன்... அவன் நேற்று ராத்திரி எங்கே போயிருந்தான் என்று தெரிந்துகொள்ளவாவது கொஞ்சம் கூடவே வாருங்கள்.

அங்கே நீங்கள் கண் விழிப்பது ஒரு சின்ன அறைக் கட்டிலில். எழுந்து, லிஃப்ட் பிடித்து, கீழே இறங்கி, நடந்து, ரயில் ஏறி, டீஸா விண்வெளி நிலையத்தில் இறங்க வேண்டும். ஜன்னல் வழியே கட்டடம், புகை, மறுபடி கட்டடம், மறுபடி புகை. விண்வெளி வீரன் ஆகலாம் என்று ஆசைப்பட்டு வந்தவனை முதல் காரியமாக ரயிலில் ஆபீஸுக்கு அனுப்புகிற ஒரே ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். இந்த ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறது.

நிலையத்தில் ஒரு திரை. அதில் உங்கள் கப்பலைக் கூப்பிட்டால், எந்த ஹேங்கரில் நிற்கிறது என்று எண் வரும். மறுபடி லிஃப்ட். கதவு திறந்தால்... அம்மாடி!

எதிரே நிற்கிறது வால்கிரி. ஆன்வில் ஏரோஸ்பேஸ் தயாரிப்பு. துருப்புகளை ஏற்றிக்கொண்டு போய், சண்டை நடக்கிற இடத்தில் இறக்கிவிடுகிற கப்பல். இருபது சிப்பாய்கள், ஐந்து சிப்பந்திகள், வயிற்றுக்குள் ஒரு சின்ன வாகனம். இதில் ஆறு ராத்திரி பயணம் செய்து, 'தேறுமா, தேறாதா' என்று பார்த்துவரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள்.

யார் அனுப்பினார்கள்? சொல்கிறேன்.

*

அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவர் 1990ல் 'விங் கமாண்டர்' என்ற ஆட்டத்தைக் கொண்டு வந்து பேர் வாங்கினார். அப்புறம் 2012ல் ஜனங்களிடம் வந்து, "ஒரு பெரிய விண்வெளி ஆட்டம் செய்யப் போகிறேன், முன்பணம் தாருங்கள்" என்றார். கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் அவர் கேட்டது 5 லட்சம் டாலர். ஜனங்கள் அங்கேயே 21 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2022 செப்டம்பரில் வசூல் 50 கோடி டாலரைத் தாண்டியது. 2024ல் 70 கோடியைத் தாண்டியது. கல்யாண மொய்யில்கூட இவ்வளவு நீண்ட பட்டியல் யாரும் பார்த்ததில்லை.

ஆட்டம் முடிந்ததா? இல்லை. 'ஆல்ஃபா' என்ற சோதனை நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வீடு கட்டி முடிப்பதற்குள் குடி வந்துவிட்ட மாதிரி. ஹால் ரெடி, கிச்சன் ரெடி, மாடிப்படி மட்டும் பாதியில் நிற்கும். ஆனால் ஹால் இருக்கிறதே... அதைப் பார்த்தால் யாருக்கும் எழுந்து போக மனசு வராது.

உள்ளே ஓடுகிற வருஷம் வேறு. நம் காலண்டரோடு 930ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். நமக்கு 2024 என்றால் அவர்களுக்கு 2954. ஸ்டாண்டன் என்ற சூரியனைச் சுற்றி நான்கு கிரகங்கள். நான்கையும் அரசாங்கம் நான்கு கம்பெனிகளுக்கு விற்றுவிட்டது என்பது கதை. (930 வருஷம் காத்திருக்க வேண்டுமா என்ன, என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.) 2024 டிசம்பரில் பைரோ என்ற இன்னொரு மண்டலத்தையும் திறந்துவிட்டார்கள். அங்கே சட்டம், போலீஸ், எதுவும் கிடையாது.

இனி, என்னை அனுப்பியவர்கள். நாங்கள் ஒரு கோஷ்டி. மொத்தம் பதினொரு பேர். ஒருவரும் இன்னொருவரின் சொந்தக்காரர் இல்லை. பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஒரு ஆடிட்டர், ஒரு இன்ஷூரன்ஸ் சர்வேயர், ஒரு மருந்துக் கம்பெனி ரெப், இப்படி. ராத்திரி சாப்பாடு முடிந்து, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூடுவோம். கோஷ்டியில் கடைக்குட்டி, பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். அவன்தான் ஆரம்பித்தான்.

"அண்ணே, வால்கிரி வாங்கலாம்னு இருக்கேன்."

"என்ன விலைடா?"

"முந்நூத்தி எழுபத்தஞ்சு."

"ரூபாயா?"

"டாலர்ணே..."

ஹெட்போனில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 31,875 ரூபாய். தொட முடியாத, கையில் எடுக்க முடியாத, வீட்டில் காட்டி "இதுதான்மா வாங்கினேன்" என்று சொல்ல முடியாத ஒரு பொருளுக்கு. அந்தப் பணத்துக்கு அவன் அம்மா ஒரு வாஷிங் மிஷின் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் பேசும்போது பின்னால் துணி துவைக்கிற சத்தமே கேட்கும்.

'வேண்டாம்' என்று சொல்வது சுலபம். சொன்னால் கேட்கிற வயசா? "சரி, நம்ம கோஷ்டியில ஒருத்தர்கிட்ட ஏற்கெனவே இருக்கே... ஆறு நாள் ஓட்டிப் பாப்போம். நான் கணக்கு எழுதறேன். அப்புறம் முடிவு பண்ணு" என்றேன். பி.காம். படித்தவனால் ஆகக்கூடிய உதவி அவ்வளவுதான். கப்பல் வைத்திருந்த நண்பர் மருந்து ரெப். அவர்தான் டிரைவர்.

*

பெயரில் இருந்து ஆரம்பிப்போம். வால்கிரி என்பது வட ஐரோப்பியப் புராணத்தில் வரும் தேவதை. போர்க்களத்துக்குப் போய், செத்து விழுந்த வீரர்களில் நல்லவர்களாகப் பொறுக்கி, வல்ஹல்லா என்ற சொர்க்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் அவள் வேலை. சிப்பாய்களை உயிரோடு இறக்கிவிட வேண்டிய வண்டிக்கு இந்தப் பெயரா! நம் ஊரில் ஆம்புலன்ஸுக்கு 'எமதர்மன் டிராவல்ஸ்' என்று போர்டு வைத்த மாதிரி. பெயர் வைத்தவருக்குத் தைரியம் ஜாஸ்தி.

ஆனால் வண்டி அழகு. பின்பக்கம் ஒரு பெரிய சாய்தளம் இறங்குகிறது. அதன் வழியாக அர்ஸா என்கிற ஆறு சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு நேரே உள்ளே போய்விடலாம். (சின்ன டிப்ஸ்: ரிவர்ஸில் ஏற்றுங்கள். இறங்கும்போது குண்டு பறக்கும். அப்போது போய் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.) இரண்டு பக்கவாட்டிலும் கதவு. கதவுக்கு ஒரு துப்பாக்கி, அதற்கு ஒரு ஆள். பறக்கும்போதே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சுடலாம். செங்குத்தாக எழும்பி, செங்குத்தாக இறங்கும். ஓடுபாதை வேண்டாம், ஒரு மைதானம் போதும்.

உள்ளே சிப்பாய்களுக்கு இருபது ஸீட். உட்கார்ந்ததும் உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இனி நீங்கள் செய்ய வேண்டிய வேலை என்ன தெரியுமா? ஒன்றுமில்லை. ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டுப் பழகிய ஜனங்கள் நாம். இங்கே காட்சி என்று பார்த்தால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட். அவருக்கு உங்கள் ஹெல்மெட்.

முதல் நாள் பதினொரு பேரும் வந்துவிட்டோம். கல்யாண வேன் கிளம்புகிற மாதிரி ஒரே களேபரம். "நான் கதவு துப்பாக்கி!" "நேத்தே நான் சொல்லிட்டேன்!" "சர்வேயர் சார், ஏறியாச்சா?" "கீழேயே நிக்கறேன், படி எங்க இருக்கு?" கடைசியில் மருந்து ரெப் கத்தினார்: "எல்லாரும் ஏறியாச்சா? ரைட் சொல்லுங்கப்பா!"

பேங்க் தம்பி சொன்னான்: "ரைட்... போலாம்!"

*

கப்பல் எழும்பியது. லோர்வில் புகைக்குள் கரைந்தது. புகைக்கு மேலே வந்ததும் திடீரென்று வெளிச்சம். அப்புறம் நீலம் கறுத்து, நட்சத்திரங்கள். ஸீட்டை விட்டு எழுந்து, பக்கவாட்டுக் கதவு வழியே பார்த்தேன். கிரகத்தின் விளிம்பு வளைந்து தெரிந்தது. சட்டென்று யாரும் பேசவில்லை. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடியது எங்கள் கோஷ்டி சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

அங்கிருந்து குவாண்டம் பயணம். சந்திரன்கள் சுற்றும் க்ரூஸேடர் என்ற வாயுக் கிரகத்துக்கு. சில நிமிஷம் ஆகும். அந்தச் சில நிமிஷம் இருக்கிறதே, அதுதான் இந்தக் கப்பலின் உண்மையான பயணம். சுடுவதற்கு ஆளில்லை, ஓட்டுவதற்கு வேலையில்லை. பேசத்தான் வேண்டும். ஆடிட்டர் தன் பையன் கணக்கில் ஃபெயில் ஆனதைச் சொன்னார். (ஆடிட்டர் பையன்!) சர்வேயர், தன் மாமனார் மொபைலில் வந்த மோசடி லிங்க்கை அழுத்திப் பணத்தை விட்ட கதையைச் சொன்னார். சொந்தமாக ஒரு குட்டி சண்டைக் கப்பலில் தனியாகப் போயிருந்தால் இதெல்லாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

இறங்க வேண்டிய இடம் டேமார். க்ரூஸேடரைச் சுற்றும் மூன்று நிலாக்களில் ஒன்று. மற்ற இரண்டு ஸெலின், யேலா. டேமார் முழுக்க மணலும் பாறையும். ஆட்டக்காரர்களே ஏற்பாடு செய்து 'டேமார் ராலி' என்று கார் ரேஸ் நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வானத்தில் பெரும் பங்கை க்ரூஸேடர் அடைத்துக்கொண்டு நிற்கும். போட்டோ எடுக்கிறவர்கள் மெமரியைக் காலி செய்துகொண்டு வரவும்.

அங்கே பூமிக்கு அடியில் பதுங்கு அறைகள். வெளியே காவல் துப்பாக்கிகள், உள்ளே அடியாட்கள். அவர்களை விரட்டினால் கூலி. அதற்குத்தான் போனோம். மருந்து ரெப் மலையை ஒட்டித் தாழப் பறந்து, ஒரு மேட்டுக்குப் பின்னால் பூ மாதிரி இறக்கினார். சாய்தளமும் பக்கவாட்டுக் கதவும் திறந்தன. ஆடிட்டர் வாட்ச் பிடித்தார். பதினொரு பேரில் டிரைவரும் கதவு துப்பாக்கிக்காரர் ஒருவரும் தங்க, ஒன்பது பேர் இறங்க ஆன நேரம் 14 விநாடி. டவுன் பஸ்ஸில் இதே ஒன்பது பேர் இறங்கினால் கண்டக்டருக்குத் தொண்டை வறண்டுவிடும். இந்த இடத்தில் வால்கிரிக்கு நூற்றுக்கு நூறு.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? ஒன்பது வீரர்களும் துப்பாக்கியோடு பாய்ந்து ஓடி... லிஃப்டுக்காக நின்றோம். கீழே போக லிஃப்ட் ஒன்றுதான். காலை பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்பதைப் போலவே, அத்தனை பேரும் கவசம் போட்டுக்கொண்டு, மேலே பார்த்தபடி, பேசாமல் நின்றோம். கீழே இருந்த அடியாட்களை ஒழிக்க மூன்று பேர் போதுமாக இருந்தது. மீதி ஆறு பேர் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தோம்.

*

இங்கேதான் நிஜமான கேள்வி வருகிறது. இருபது பேரை ஒரே வண்டியில் கொண்டு போவது எதற்கு?

நிஜ உலகத்தில் இதற்கு ரத்தத்தில் எழுதின பதில் இருக்கிறது. 1965 நவம்பர் 14. வியட்நாமில் இயா டிராங் பள்ளத்தாக்கு. அமெரிக்கப் படை ஒன்று, சுமார் 450 பேர், ஹெலிகாப்டரில் இறங்க வேண்டும். கையில் இருந்தது 16 ஹ்யூயி ஹெலிகாப்டர்கள். ஒரு நடைக்குச் சுமார் 80 பேர்தான். இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த நடை ஏற்றிக்கொண்டு வர அரை மணி. முதல் நடையில் இறங்கியவர்கள், சுற்றிலும் எதிரிகள் இருப்பதைத் தெரிந்துகொண்டபோது, பாதிப் படை இன்னும் வந்தே சேரவில்லை. கடைசி ஆள் வருவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. சண்டை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஒரு நடையில் எத்தனை பேர் என்பது அன்றைக்கு உயிர்க் கணக்கு.

கதவும் அதே மாதிரிதான். இரண்டாம் உலகப் போரில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ், துருப்புகளைக் கரை சேர்க்கப் படகு கட்டினார். ஆரம்பத்தில் வந்த படகுகளில் சிப்பாய்கள் விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் குதிக்க வேண்டும். பிறகு முன்பக்கத்தையே கதவாக்கினார்கள். கதவு கீழே விழும். 36 பேர் ஓடிவருவார்கள். 1944 ஜூன் 6ந் தேதி நார்மண்டி கடற்கரையில் அந்தப் படகுகள்தான் போய் முட்டின. பெரும்பகுதி ஒட்டுப்பலகையால் செய்த படகு! அதன் மதிப்பு பலகையில் இல்லை, கதவில் இருந்தது.

வால்கிரிக்கு சினிமா முப்பாட்டனும் ஒருவர் உண்டு. 1986ல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தில், வயிற்றுக்குள் ஒரு கவச வண்டியை வைத்துக்கொண்டு கிரகத்தில் இறங்குமே, அந்தக் கப்பல். அது எப்படி விழுந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? வெளியிலிருந்து யாரும் சுடவில்லை. ஒரு ஜந்து உள்ளே ஏறிவிட்டது. ஆகவே மூன்றாவது பாடம்: கிளம்பும் முன் கதவைச் சாத்து.

ஆட்டத்தில் இவ்வளவு பேருக்கு வேலை வரும் இடங்களும் உண்டு. யேலா நிலாவில் ஒரு போதைப் பொருள் கூடம். அதைப் பிடிக்க ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கோஷ்டி கோஷ்டியாகப் போய் அடித்துக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு 'ஜம்ப்டவுன்' என்று பெயரே வந்துவிட்டது. பின்னால் ஆட்டத்தை நடத்துகிறவர்களே அதை ஒரு திருவிழா மாதிரி ஆக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஒரே மூச்சில் இருபது பேர் இறங்கினால் எதிரி கதி என்ன!

ஆனால் ஒன்று. 2018ல் இந்தக் கப்பலை அறிமுகம் செய்தபோது, ஒரு சர்வரில் மொத்தமே 50 பேர்தான் விளையாட முடியும். சிப்பாய் 20, சிப்பந்தி 5. அதாவது உலக ஜனத்தொகையில் பாதி ஒரே வண்டியில்! சண்டை போட மீதிப் பாதி தயாராக இருக்க வேண்டும். 2024 கடைசியில் பல சர்வர்களை ஒன்றாக இணைத்து, நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் இருக்கும்படி செய்த பிறகுதான், வண்டிக்கு ஏற்ற ஊர் வந்தது.

*

இரண்டாம் நாள் ஏழு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் ஒன்பது. அன்றைக்கு டேமார் மேலே யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் மீது ஏவுகணை விட்டான். வால்கிரி பெரிய உருவம், மறைய இடமில்லை. சிப்பாய் ஸீட்டில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. "என்னப்பா சத்தம்?" என்று சர்வேயர் கேட்டதுதான் கடைசி வார்த்தை. ஒன்பது பேரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தோம். இந்த ஆட்டத்தில் செத்தால் அங்கேதான் அனுப்புவார்கள். ஒரே கூடையில் எல்லா முட்டையும் வைக்காதே என்று கம்பெனி ஷேர் வாங்குகிறவர்களுக்குச் சொல்வார்களே, அது துருப்புக் கப்பலுக்காகவே சொன்னது. இந்த இடத்தில் வால்கிரிக்கு மார்க் குறைவு. பக்கத்தில் இரண்டு காவல் கப்பல் வராமல் இதைத் தனியாக அனுப்பக் கூடாது.

கப்பல் போனால்? இன்ஷூரன்ஸ் இருக்கிறது. க்ளெய்ம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் புதுக் கப்பல். சீக்கிரம் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம். "இந்த ஒரு டிபார்ட்மென்ட்டை மட்டும் நிஜ உலகத்துக்குக் கொண்டு வந்தா நல்லாருக்கும்" என்றார் சர்வேயர், பெருமூச்சோடு.

நாலாம் நாள் நாலு பேர். ஐந்தாம் நாள் ஆறு. கடைசி நாள் ஐந்து.

இதோ என் கணக்கு நோட்டு. ஆறு நடை, நடைக்கு இருபது ஸீட், மொத்தம் 120. வந்தவர்கள் 11, 7, 9, 4, 6, 5. கூட்டினால் 42. அதிலும் டிரைவரைக் கழிக்காமல் தாராளமாகப் போட்ட கணக்கு. சராசரி ஏழு பேர், 35 சதவீதம். எந்த பஸ் முதலாளியும் இந்த ரூட்டில் பர்மிட் வாங்க மாட்டார். விலையை இருபது ஸீட்டால் வகுத்தால் ஒரு ஸீட் 1,594 ரூபாய். ஏழு பேரால் வகுத்தால் தலைக்கு 4,554. விற்கிறவர்கள் முதல் கணக்கைக் காட்டுவார்கள். வாங்குகிறவன் இரண்டாவது கணக்கைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். 375 டாலருக்கு வாங்கும் கப்பலை, ஆட்டத்துக்குள்ளேயே சம்பாதிக்கிற காசைச் சேர்த்தும் வாங்கலாம். சரக்கு ஏற்றி இறக்கி, கூலி வேலை செய்து, மெதுவாக. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. சோதனை நிலை என்பதால் எப்போதாவது எல்லோருடைய கணக்கையும் துடைத்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள். 2023 மார்ச்சில் அப்படி நடந்தது. டாலர் கொடுத்து வாங்கின கப்பல் திரும்ப வந்தது. உழைத்து வாங்கின கப்பல் போயிற்று. முதலுக்கும் உழைப்புக்கும் உள்ள பழைய தகராறு 2953லும் தீரவில்லை.

*

கடைசி நாள் ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து பேர். ஆடிட்டருக்கு ரிட்டர்ன் சீசன். ஒருவருக்கு நைட் ஷிஃப்ட். ஒருவர் குழந்தைக்கு ஜுரம். ஒருவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். அங்கே அப்போது வேலை நேரம். கப்பல் போய்க்கொண்டிருந்தது. பேங்க் தம்பி சிப்பாய் ஸீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் காலி ஸீட்டுகள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? நான் கப்பல் வாங்கினா எல்லாரும் வருவாங்களா?"

இதுதான் விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. 375 டாலர் அவனுக்குக் கப்பல் விலையே இல்லை. புது ஊரில் வேலை. ரூமுக்கு வந்தால் பேச ஆளில்லை. வார லீவில் வீட்டுக்குப் போனால் அம்மா துவைத்துக்கொண்டே பேசுவார், அதைக் கேட்டுக்கொண்டே எங்களோடு ஆடுவான். இருபது ஸீட் போட்ட ஒரு திண்ணை கட்டிவிட்டால் ஊரே வந்து உட்காரும் என்று நினைத்திருக்கிறான்.

மருந்து ரெப் ஓட்டிக்கொண்டே பதில் சொன்னார்: "தம்பி, நான் இதை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. முதல் நாள் வந்த பதினொண்ணு இருக்கே, அதான் ரெக்கார்டு. அதுவும் கப்பலுக்காக வரலை. நீ எல்லாருக்கும் போன் போட்டு, 'வாங்க, வாங்க'ன்னு உயிரை எடுத்தே பாரு... அதுக்காக வந்தாங்க."

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப தினமும் போன் போடணுமா?" என்றான்.

"போட்டுத்தான் பாரேன். அதுக்கு டாலர் வேணாம்ல?"

*

ஆகவே, வாசகர்களே, என் தீர்ப்பு. ஏறுவது, இறங்குவது, எழும்புவது, வண்டி ஏற்றுவது எல்லாவற்றிலும் வால்கிரி முதல் வகுப்பு. தனியாக அனுப்பினால் பொறியில் மாட்டின எலி. பத்துப் பதினைந்து பேர் தவறாமல் கூடுகிற கோஷ்டி என்றால், கோஷ்டிக்கு ஒன்று போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மூன்று நான்கு பேர் என்றால், இதே வேலைக்கு இதைவிடச் சின்னதாக, விலையும் குறைவாக, டிரேக் கம்பெனியின் கட்லஸ் ஸ்டீல் இருக்கிறது. அதிலும் 18 பேர் உட்காரலாம். ஒரே ஒரு ஆள் என்றால் எதுவுமே வேண்டாம். முதலில் இன்னும் இரண்டு ஆளைப் பிடியுங்கள்.

எங்கள் கோஷ்டியில் இப்போது ஒரு ஏற்பாடு. சீட்டு பிடிக்கிறோம். நிஜப் பணம் ஒரு பைசா கிடையாது. எல்லாம் ஆட்டத்துக் காசு. வாராவாரம் ஆளுக்குக் கொஞ்சம் சரக்கு ஓட்டி, பேங்க் தம்பி கணக்குக்கு அனுப்புகிறோம். கோஷ்டிக்கு இரண்டாவது வால்கிரி. தாமதமானால் அபராதம் உண்டு. நோட்டு எழுதுவது ஆடிட்டர். சீட்டு முடிவதற்குள் மறுபடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"சீட்டுக் கம்பெனி ஓடிப்போறது உலகத்துல புதுசா சார்?" என்றார் ஆடிட்டர்.

போன வாரம் வசூலுக்கு எட்டுப் பேர் வந்தார்கள். சராசரி ஏறியிருக்கிறது. தம்பி வீட்டில் வாஷிங் மிஷின் வந்துவிட்டது. இப்போது அவன் பேசும்போது பின்னால் வேறு ஒரு சத்தம். எஞ்சின் சத்தம் என்று நினைத்து இரண்டு தடவை ஸீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார் சர்வேயர்.